ஒரு பை ரத்தத்துக்கு இரண்டு உறுதி

பீளமேட்டில் நான் கடைசியாக வேலை பார்த்த அலுவலகத்தில், மெயின்ஃப்ரேம் என்ற பெரிய கம்ப்யூட்டரில் ஓடும் பழைய புரோகிராம்களை எல்லாம் புது முறைக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஓய்வு பெற்றுவிட்டேன் என்றாலும் அவ்வப்போது போன் வரும். "மேடம், இந்த எடத்துல ஏனுங்க இப்படிச் சுத்தி வளைச்சு எழுதியிருக்குது?" என்று கேட்பார்கள். தெரிந்ததைச் சொல்வேன். போன வாரம் பேசிய பெண், கேட்க வேண்டியதைக் கேட்டு முடித்த பிறகும் போனை வைக்காமல், "இன்டர்நெட் இல்லாத காலத்துல இதையெல்லாம் எப்படிங்க மேடம் கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டாள்.

"மெயின்ஃப்ரேமே இல்லாமத்தான் கத்துக்கிட்டோம் கண்ணு" என்றேன்.

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். போனில் அவளுக்குச் சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் சோமனூர். வீட்டை ஒட்டியே அப்பாவின் தறிக்கூடம். தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவர்களுக்கு மெதுவாகப் பேச வராது. ரேஷன் கடையில் நான் சர்க்கரை கேட்டால் தெருக்கோடி வரை கேட்கும். கல்லூரியில் கணிதம் படித்தேன். படிப்பு முடிந்த கையோடு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்கள். அந்தச் சமயத்தில்தான் பீளமேட்டில், ஒரு பழைய மில்லின் ஆபீஸ் மாடியை வாடகைக்கு எடுத்து, வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் புரோகிராம் எழுதும் சின்னக் கம்பெனி ஒன்றைத் தொடங்கினார்கள். ரெண்டாயிரமாவது வருஷம் பிறந்தால் பழைய புரோகிராம்களில் தேதி குழம்பிவிடும், அவற்றைத் திருத்த உலகம் முழுக்க ஆள் தேவை என்று பேச்சு இருந்த காலம். பரீட்சை எழுதினேன், எடுத்துக்கொண்டார்கள்.

அப்பாவிடம் சொன்னபோது தறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"என்ன வேலைங்கம்மணி?"

"கோபால்னு ஒரு பாஷைங்கப்பா. அதுல கம்ப்யூட்டருக்கு எழுதோணும்."

"யாரு அந்தக் கோபாலு?"

"ஆளில்லீங்கப்பா, பாஷையோட பேரே அதுதானுங்க."

"சரி, அந்தக் கம்ப்யூட்டர் பீளமேட்ல இருக்குதா?"

"இல்லீங்க. சென்னையில இருக்குதாமுங்க. லைன் போட்டு இங்கிருந்தே வேலை செய்யறதுங்க."

அப்பா கையில் ஒட்டியிருந்த நூல் பிசிறைத் தட்டிவிட்டார். "மிஷினைக் கண்ணுல பார்க்காம மிஷின் வேலை" என்றார். அவர் வேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன். "சரி, போய்ட்டு வா. புடிக்காட்டி பஸ் ஏறி ஊட்டுக்கு வந்துபோடு" என்று எழுந்து போய்த் தறியை ஓட்டிவிட்டார். மாப்பிள்ளை பேச்சு சில வருஷம் தள்ளிப்போனது. அதற்கு அவர் அம்மாவிடம் என்ன சொல்லிச் சமாளித்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சென்னைக்குப் போகும் அந்த லைன் பாதி நாள் வேலை செய்யாது. மழை பெய்தால் போய்விடும். எங்கேயாவது ரோடு தோண்டினால் போய்விடும். வேலை செய்யும் நாளிலும், அந்தக் கம்ப்யூட்டரோடு பேசும் திரைகளான டெர்மினல்கள் குறைவு, முறை வைத்துத்தான் உட்கார முடியும். பயிற்சிக் காலத்தில் நாங்கள் கம்ப்யூட்டர் முன்னால் இருந்ததைவிடத் தாளும் பென்சிலுமாக இருந்ததுதான் அதிகம்.

அந்தப் பயிற்சியை நடத்தியவர்தான் எங்கள் மேலாளர் ஸ்டெல்லா மேடம். கோயமுத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவர். மும்பையில் பல வருஷம் மெயின்ஃப்ரேமில் வேலை பார்த்துவிட்டு, அம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று ஊர் திரும்பியிருந்தார். காட்டன் புடவை, கழுத்தில் சின்னச் சிலுவை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆர்மோனியம் வாசிப்பார். எல்லோரையும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார், டீ கொண்டு வருகிறவரிலிருந்து எம்.டி. வரைக்கும். புரோகிராமில் தப்பு இருந்தால் தப்பு என்று சொல்லமாட்டார். தாளை எடுத்து, நாம் எழுதியதை வரி வரியாக வாய்விட்டு வாசிப்பார். ஏதோ ஒரு வரியில் நிறுத்தி, "அப்புறங்க?" என்பார். அவ்வளவுதான். அந்த 'அப்புறங்க'வுக்குப் பதில் சொல்ல முயலும்போது நமக்கே வேர்த்துவிடும்.

முதல் வாரத்தில் என்னிடம் அவர் சொன்ன ஒரே விஷயம், "சாந்தாமணி, இங்க தறி ஓடலைங்க. நீங்க மெதுவாவே பேசலாம்" என்பதுதான்.

கோபால் எனக்குச் சுலபமாகவே வந்தது. மேலிருந்து தொடங்கு, ஃபைலைத் திற, ஒவ்வொரு பதிவாகப் படி, முடிந்ததும் மூடு. புரோகிராம்தான் அங்கே எஜமான். ஆன்லைன் புரோகிராம் பாடத்துக்கு வந்தபோதுதான் எல்லாம் தலைகீழாகிப்போனது. ரயில் டிக்கெட் கவுன்டரை நினைத்துக்கொள்ளுங்கள். நாடு முழுக்கப் பல கவுன்டர்களில் பல பேர் ஒரே நேரத்தில் கேட்பார்கள், எல்லோருக்கும் ஒரே கம்ப்யூட்டர் பதில் சொல்ல வேண்டும். அதைக் கட்டி மேய்ப்பதற்கென்று மெயின்ஃப்ரேமில் ஒரு ஏற்பாடு உண்டு. அதற்குள் ஓடும் புரோகிராம், கேள்விக்கு ஒரு ஸ்கிரீனை அனுப்பிவிட்டு முடிந்துபோக வேண்டும். உட்கார்ந்து காத்திருக்கக் கூடாது. பதில் வரும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இதை மேடம் போர்டில் எழுதினார், படம் போட்டார். எங்களில் ஒருவருக்கும் புரியவில்லை. கேட்டவன் பதில் வரும்வரை இருக்காமல் எங்கே போவான்? அன்றைக்கு லைனும் இல்லை. மேடம் சாக்பீஸை வைத்துவிட்டு, அறைக்கு நடுவே ஒரு நாற்காலியைப் போட்டார்.

"இதுதானுங்க கம்ப்யூட்டரோட மெமரி. ஒரு சமயத்துல ஒரு ஆள்தான் உட்கார முடியும். சாந்தாமணி, நீங்கதான் புரோகிராம். வந்து உட்காருங்க."

மற்றவர்கள் சுவரோரம் மேசைகளில் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு மேசையும் ஒரு டெர்மினல். முதலில் கேட்டவர் நடராஜ். ஈரோட்டுக்காரர், என்னோடு சேர்ந்தவர், வாய் கொஞ்சம் ஜாஸ்தி. "மெட்ராஸ்க்கு ஒரு சீட்டுங்க" என்றார். "ஜன்னலோரம் வேணுங்களா?" என்று நான் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் எழுந்து, "டீ குடிச்சுட்டு வந்து சொல்றேனுங்க" என்று வெளியே போய்விட்டார். நான் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். மற்ற மேசைக்காரர்கள் கையைத் தூக்கிக்கொண்டே இருந்தார்கள். நடராஜ் நிஜமாகவே டீ குடிக்கப் போயிருந்தார்.

"அவர் வர்ற வரைக்கும் அந்த நாற்காலி உங்களுதுங்களா?" என்று கேட்டார் மேடம்.

"அவர் பதில் சொல்லலீங்களே மேடம்."

"அது அவர் இஷ்டமுங்க. நீங்க எந்திரிச்சு வெளிய போங்க. போறதுக்கு முன்னாடி, அவர் என்ன கேட்டார்னு ஒரு சீட்டுல எழுதி அவர் மேசையில வச்சுட்டுப் போங்க. அவர் எப்ப பதில் சொல்றாரோ அப்ப புது ஆளா உள்ள வாங்க. வரும்போது உங்களுக்கு ஒண்ணுமே ஞாபகம் இருக்கக்கூடாது. சீட்டைப் படிச்சுத்தான் தெரிஞ்சுக்கோணும்."

அன்று மத்தியானம் முழுக்க அந்த அறைக்கு உள்ளேயும் வெளியேயும் போய் வந்தேன். கதவுக்கு வெளியே நிற்கும்போது, உள்ளே அடுத்த ஆள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து வேறு யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருப்பது கேட்கும். சாயங்காலம் சோமனூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, எனக்குள்ளே சிரித்துக்கொண்டே வந்தேன். அதுவரை எனக்கு வராமலிருந்த ஒன்று வந்துவிட்டது என்று தெரிந்தது. அதற்குப் பிறகு லைன் இருந்த ஒரு நாளில் என்னுடைய முதல் ஆன்லைன் புரோகிராமை ஓட்டினேன். கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் நான் வைத்த தலைப்பு வந்தது. நடராஜ் பக்கத்து டெர்மினலிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏனுங்க, நாங்கூட டீ குடிக்கப் போகலாமுங்களா?" என்று கேட்டார்.

ஆறேழு வருஷம் போனது. கம்பெனி வளர்ந்து சொந்தக் கட்டடத்துக்கு மாறியது. எனக்குக் கல்யாணமாகி, சிங்காநல்லூரில் குடியிருந்தோம். ஒரு வெளிநாட்டு ரத்த வங்கியின் ஆன்லைன் புரோகிராம்களைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு எங்கள் குழுவுக்கு வந்தது. அவற்றை எழுதியவர்கள் நாங்கள் இல்லை, அந்த ஊர்க்காரர்கள் பல வருஷம் முன்பு எழுதியவை. எந்த நாடு என்பது வேண்டாம். நமக்கு வெகு முன்னாலேயே அங்கே விடிந்துவிடும். அதனால் எங்கள் வேலை விடியற்காலையிலேயே தொடங்கும். ஆவின் பால் வண்டியும் எங்கள் ஆபீஸ் வேனும் ஒரே நேரத்தில் தெருவுக்குள் வரும்.

அந்த நாட்டு ஆஸ்பத்திரிகள் எல்லாவற்றிலும் அந்த டெர்மினல் இருந்தது. எந்த வகை ரத்தம் வேண்டும் என்று தட்டினால், எங்கெங்கே பை இருக்கிறது என்று வரும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து விசைப்பலகையில் ஒரு சாவியை அழுத்தினால், அந்தப் பை அந்த ஆஸ்பத்திரிக்கு உறுதி. கிடங்கில் ஒரு சீட்டு அச்சாகும், வண்டி கிளம்பும்.

ஒரு திங்கட்கிழமை நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அங்கிருந்து ஒரு செய்தி காத்திருந்தது. ஜோன் என்ற குமாஸ்தா அம்மாவைப் பற்றியது. அவர் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தம் கேட்டு வாங்கும் மேசையில் பல வருஷமாக இருப்பவர். முந்தின வாரம் ஒரு அறுவை சிகிச்சைக்கு மிக அரிதான வகை ரத்தம் வேண்டியிருந்தது. நாடு முழுக்க ஒரே ஒரு பைதான் இருந்தது. ஜோன் கேட்டார், திரையில் உறுதி என்று வந்தது, டாக்டரிடம் சொல்லிவிட்டார். நோயாளியை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். மயக்க மருந்து கொடுக்கப்போகும் சமயத்தில் கிடங்கிலிருந்து போன் வந்தது. அந்தப் பை ஏற்கெனவே வேறொரு ஊருக்கு, ஒரு பிரசவத்துக்குப் போய்விட்டது. அங்கும் திரை உறுதி என்றுதான் சொல்லியிருந்தது.

நல்லவேளையாக அறுவை சிகிச்சையை நிறுத்திவிட்டார்கள். வேறு ரத்தம் கிடைக்கும்வரை அந்த மனிதர் வார்டில் காத்திருந்தார். பிரசவமான பெண் பிழைத்துக்கொண்டாள். ஆனால் கம்ப்யூட்டர் பதிவில் அந்தப் பைக்கு நேரே கடைசியாக இருந்தது ஜோனுடைய ஆஸ்பத்திரியின் பெயர். ஒதுக்கிய பையை ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற, திருத்தத் திரை என்று தனியாக ஒன்று இருந்தது. கிடங்கைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது. ஜோன் தன் நோயாளிக்காக அந்தத் திரை வழியாகப் பிரசவத்துக்குப் போன பையைத் தட்டிப்பறிக்கப் பார்த்தார் என்று முடிவு கட்டியிருந்தார்கள். அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்து விசாரணையும் வைத்திருந்தார்கள். எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று: கடைசி மாற்றம் ஜோனின் டெர்மினலிலிருந்து வந்ததா, இல்லையா? விசாரணைக்கு முன் ஒரு வரிப் பதில் போதும்.

நடராஜ் பார்த்துவிட்டு, "அவங்க டெர்மினல்ல இருந்துதான் வந்திருக்குதுங்க. ஆமாம்னு எழுதிப்போடலாமுங்களா?" என்றார்.

ஸ்டெல்லா மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது உண்மைதாங்க நடராஜ். ஆனா அந்த உண்மையை அனுப்பினா அந்தம்மா வேலை போயிருமுங்க. ஒரு வரி எழுதறதுக்கு முன்னாடி அந்தப் புரோகிராமை ஒருக்கா வாசிச்சுடலாம்."

அன்று காலை அந்த ரத்த வங்கியின் மேலாளரோடு போனில் பேசினோம். அவரோடு ஜோனும் லைனில் இருந்தார். வயதான குரல். அவர் தன்னை நியாயப்படுத்தி எதுவும் பேசவில்லை. ஒன்றையே இரண்டு மூன்று முறை சொன்னார். "நான் திருத்தத் திரைக்குப் போகவே இல்லை. எனக்கு உறுதி என்று திரைதான் சொன்னது." போனை வைத்த பிறகும் அந்தக் குரல் என் காதிலேயே இருந்தது.

மெயின்ஃப்ரேமில் யார் எதை மாற்றினாலும் அதற்கு ஒரு சுவடு தனியாகப் பதிவாகும். எந்த டெர்மினல், எந்த வேலை, மாற்றத்துக்கு முன் பதிவில் என்ன இருந்தது, பின் என்ன ஆனது எல்லாம் இருக்கும். அதை வரவழைத்துப் பிரித்துப் பார்க்க மத்தியானமாகிவிட்டது. ஒவ்வொரு வேலைக்கும் நாலெழுத்தில் ஒரு பெயர் உண்டு. ஜோனின் டெர்மினலிலிருந்து வந்தது சாதாரண ஒதுக்கீட்டு வேலையின் பெயர்தான். திருத்தத் திரையின் பெயர் எங்குமே இல்லை. அந்த அம்மா சொன்னது பாதி நிரூபணமாகிவிட்டது. மீதிப் பாதி அதைவிடப் பெரிய கேள்வி. ஏற்கெனவே போன பையை, சாதாரணத் திரை எப்படி இரண்டாவது முறை கொடுத்தது?

மேடம் ஒதுக்கீட்டுப் புரோகிராமை அச்செடுத்து வாய்விட்டு வாசித்தார். முதல் பாதி பையின் பதிவைப் படிக்கிறது, காலியாக இருக்கிறதா என்று பார்க்கிறது, திரையில் காட்டுகிறது, முடிந்துபோகிறது. பிறகு யாரோ சாவியை அழுத்தும்போது இரண்டாவது பாதி ஓடுகிறது. பதிவை எடுக்கிறது, கேட்ட ஆஸ்பத்திரியின் பெயரை எழுதுகிறது, உறுதி என்று சொல்கிறது.

"அப்புறங்க?" என்றார் மேடம்.

நான் அந்த வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பாதி முடிந்ததற்கும் இரண்டாவது பாதி தொடங்கியதற்கும் நடுவே புரோகிராம் அங்கே இல்லை. அது கதவுக்கு வெளியே நிற்கிறது. அந்த நேரத்தில் வேறொருவர் வந்து பையை எடுத்துக்கொண்டு போனால் அதற்குத் தெரியாது. திரும்பி வந்ததும் மறுபடி பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

"மேடம், திரும்பி வரும்போது பை இன்னும் காலியாத்தான் இருக்குதான்னு பாக்கவே இல்லீங்க" என்றேன். தறிக்கூடத்துக் குரலில் சொல்லிவிட்டேன் போல, அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆனால் இது எங்கள் ஊகம்தான். நடத்திக் காட்டினால்தான் நம்புவார்கள். சோதனைக்கென்று தனியாக இருந்த இடத்தில் ஒரே ஒரு பையை வைத்து, நானும் நடராஜும் இரண்டு டெர்மினலில் உட்கார்ந்தோம். நான் கேட்டு உறுதி செய்தேன். அவர் கேட்டார். காலியில்லை என்று வந்தது. மாற்றி மாற்றிச் செய்தோம், வேகமாகச் செய்தோம். ஒவ்வொரு முறையும் ஒழுங்காகவே நடந்தது. நடராஜ் கையை விரித்தார். எனக்கும் நம்பிக்கை போக ஆரம்பித்தது.

மேடம் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க ரெண்டு பேரும் ரொம்ப அவசரப்படறீங்க. ஆஸ்பத்திரியில அப்படி இருக்காதுங்க. ஸ்கிரீனைப் பார்த்துட்டு டாக்டர்கிட்டப் போய்க் கேட்டுட்டு வந்துதான் சாவியை அமுக்குவாங்க" என்றார்.

அப்போதுதான் புரிந்தது. இரண்டு பேரும் முதலில் பார்க்க வேண்டும், அதன் பிறகுதான் இரண்டு பேரும் எடுக்க வேண்டும். நான் கேட்டேன். பை காலி என்று வந்தது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். நடராஜ் கேட்டார். அவருக்கும் காலி. நான் சாவியை அழுத்தினேன். உறுதி. அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அழுத்தினார்.

அவருக்கும் உறுதி.

இரண்டு திரைகளிலும் ஒரே பையின் எண், ஒரே பச்சை எழுத்து. நடராஜ் எழுந்து வந்து இரண்டு எண்களையும் விரல் வைத்து ஒப்பிட்டார். இத்தனை வருஷம் இது ஏன் வெளியே வரவில்லை என்பதும் தெளிந்தது. சாதாரண வகை ரத்தம் நிறையப் பைகள் இருக்கும், ஆளுக்கொன்றைத் தேர்ந்தெடுப்பார்கள், மோதிக்கொள்ளாது. அரிதான வகையில் ஒரே ஒரு பை இருந்து, இரண்டு பேர் ஒரே சமயத்தில் தேடினால்தான் மோதும். ரொம்பத் தேவைப்படும் நேரத்தில் மட்டும் தப்பு செய்யும் புரோகிராம் அது.

எங்கள் எம்.டி. கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனிதர்தான், ஆனால் பயந்திருந்தார். "அவங்க ஆளுங்க எழுதின புரோகிராம் தப்புன்னு நாம சொன்னா, கான்ட்ராக்டைப் பத்தி யோசிக்கோணுமுங்க. அவங்க கேட்டது டெர்மினலைப் பத்தி மட்டும்தானுங்களே" என்றார்.

மேடம் குரலை உயர்த்தவில்லை. "ஆமாங்க சார். கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னா அந்தம்மா வீட்டுக்குப் போவாங்க. அடுத்த தடவை ஒரு நோயாளியும் போவாங்க. ரிப்போர்ட்ல நான் கையெழுத்துப் போடறனுங்க. கான்ட்ராக்ட் போச்சுன்னா என்னால போச்சுன்னு இருக்கட்டும்."

எம்.டி. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மேசையில் வைத்தார். பிறகு, "நீங்க தனியாப் போட வேண்டாமுங்க. நானும் போடறேன்" என்றார்.

மறுநாள் அந்த நாட்டு மேலாளர் இரண்டு டெர்மினலை வைத்துக்கொண்டு, நாங்கள் போனில் சொல்லச் சொல்ல அதே வரிசையில் செய்து பார்த்தார். இன்னொரு முறையும் செய்து பார்த்தார். பிறகு, "விசாரணையை ரத்து செய்கிறேன். இதை எவ்வளவு சீக்கிரம் சரிசெய்ய முடியும்?" என்று மட்டும் கேட்டார்.

சரிசெய்வது சில வரிகள்தான். திரும்பி வந்ததும் வேறு யாரும் மாற்ற முடியாதபடி பதிவைப் பூட்டி எடு, முன்பு பார்த்தபடியேதான் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார், மாறியிருந்தால் கொடுக்காதே. அதை நான் எழுதினேன். கடைசியில் ஒரு செய்தி காட்ட வேண்டும். 'பிழை: ஒதுக்க இயலாது' என்று வைத்தேன். மேடம் அந்த வரியில் நிறுத்தினார்.

"பிழை யாருதுங்க?"

"யாருதும் இல்லீங்க."

"அப்பப் பிழைன்னு ஏனுங்க சொல்றது? அங்க உட்கார்ந்திருக்கறவங்களுக்கு ஏற்கெனவே பதட்டமா இருக்கும். என்ன நடந்துச்சோ அதைச் சொல்லுங்க. அப்புறம் அவங்க என்ன பண்ணோணும்?"

அந்தக் கேள்வியை அன்று வீட்டுக்குக் கொண்டுபோய், சமைக்கும்போதும் யோசித்தேன். இரண்டு பேருக்கும் அவசரம். யாருக்கு அதிக அவசரம் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது, முதலில் அழுத்தியவருக்குக் கொடுக்க மட்டும்தான் தெரியும். மனிதர்கள்தான் பேசி முடிவு செய்ய வேண்டும். மறுநாள் செய்தியை மாற்றினேன். 'இந்தப் பையைச் சற்று முன் இன்னொரு ஆஸ்பத்திரி எடுத்துள்ளது' என்று சொல்லிவிட்டு, கீழே அந்த ஆஸ்பத்திரியின் பெயரும், அங்கே அந்த மேசையின் தொலைபேசி எண்ணும் வரும்படி செய்தேன். மேடம் வாசித்தார். 'அப்புறங்க' என்று கேட்கவில்லை. தாளை என்னிடமே கொடுத்து, "அனுப்பிருங்க" என்றார். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அதுதான்.

ஜோன் வேலைக்குத் திரும்பிவிட்டார் என்று கேள்விப்பட்டோம். கான்ட்ராக்டும் போகவில்லை. வெகு நாள் கழித்து ஒரு காலையில் ஜோனே போன் செய்தார். எங்கள் செய்தி ஒரு மாதம் முன்பு முதன்முறையாக அவர் திரையில் வந்ததாம். கீழே இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டாராம். அந்தப் பக்கம் இருந்தவள் டாக்டரைக் கேட்டுவிட்டு, தங்கள் நோயாளி நாளைவரை பொறுப்பார் என்று சொல்லிப் பையை விட்டுக்கொடுத்தாளாம். "இத்தனை வருஷத்தில் அவளோடு நான் பேசியதே இல்லை" என்றார் ஜோன். "இப்போது வாராவாரம் பேசிக்கொள்கிறோம்."

அடுத்த வருஷம் கம்பெனி என்னை அந்த நாட்டுக்குச் சில மாதங்கள் அனுப்பியது. கைக்குழந்தையைச் சோமனூரில் அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனேன். விமான நிலையத்துக்கு அப்பா வந்திருந்தார். "மிஷினை இப்பவாச்சும் பாத்துப்போட்டு வா" என்றார். பார்த்தேன். குளிரூட்டிய அறையில் பீரோ மாதிரி நின்றுகொண்டிருந்தது. அதைத் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டேன், உடன் வந்தவர் சிரித்துக்கொண்டே அனுமதித்தார். கொஞ்சம் சூடாக இருந்தது.

ஒரு நாள் மத்தியானம் ஜோன் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். நான் நினைத்ததைவிடக் குள்ளமாக, நரைத்த தலையோடு, கம்பளிச் சட்டை போட்டிருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை. பிறகு தன் மேசைக்குக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்காரவைத்தார். ஒரு நர்ஸ் வந்து ஏதோ சீட்டைக் கொடுத்தாள். ஜோன் ரத்த வகையைத் தட்டினார், நான் திருத்திய திரை வந்தது. எத்தனையோ தாள்களில் வரி வரியாக நான் வாசித்த அந்தப் புரோகிராம் என் கண்ணெதிரே ஒருவருக்காக ஓடிக்கொண்டிருந்தது. நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஜோன் பார்க்கக்கூட இல்லை. விரல் தானாகச் சாவியை அழுத்தியது. உறுதி என்று வந்தது. அவர் அதற்குள் என் பக்கம் திரும்பி, டீக்குச் சர்க்கரை போடலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.